ஏ பிளஸ் பி அண்ணாச்சியும் நான் தூக்கிக் காட்டிய நோட்டும்

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில் கணக்குப் பாடத்தை அவரைப் போல நேசித்தவரும் கிடையாது, அவரைப் போல அதனிடம் உதை வாங்கியவரும் கிடையாது. பாபநாசத்தில் ஆறு மலை இறங்கும் இடத்தில் தொடங்கி, கடலில் போய்ச் சேரும் இடம் வரைக்கும் வீடு வீடாக விசாரித்துப் பாருங்கள். இன்னொருவர் அகப்பட மாட்டார்.

அப்பா அம்மா வைத்த பேர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கும். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் அவர் ‘ஏ பிளஸ் பி’ அண்ணாச்சி. தொழில், மைக் செட். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவருடைய ஸ்பீக்கர்தான் கத்தும். என் பஞ்சர் கடைக்கு நேர் எதிரே அவருடைய ஷெட்.

மற்ற மைக் செட்காரர்கள் எப்படி மைக்கைச் சோதிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்பார்கள். அண்ணாச்சி அப்படிச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொள்வார். கண்ணை மூடுவார். “ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்” என்று ஆரம்பிப்பார். கொஞ்சம் நிறுத்துவார். ஊரே காத்திருக்கும். “ஈக்வல் டு, ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி பிளஸ் பி ஸ்கொயர்” என்று முடிக்கும்போது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவர்கள்கூட “சரி, கொடை ஆரம்பிச்சிட்டு” என்று மண்வெட்டியைக் கழுவுவார்கள்.

ஒரு தடவை கோயில் கொடையில் சாமியாடிக்கு அருள் வந்து உடம்பு முறுக்கத் தொடங்கிவிட்டது. அண்ணாச்சி அப்போதுதான் ‘ஈக்வல் டு’வில் நிற்கிறார். சாமியாடி ஒரு காலைத் தூக்கியபடியே திரும்பி, “முடிச்சிட்டுச் சொல்லும்வே, நிக்கேன்” என்றார். சாமி சொன்னதா, ஆள் சொன்னதா என்று ஊரில் இன்னும் தகராறு உண்டு.

துட்டி வீட்டுக்கு மட்டும் வாய்பாடு மாறும். சாவு விழுந்த வீட்டில் போய் ‘ஏ பிளஸ் பி’ சொல்வது மரியாதை இல்லை என்பார். அங்கே குரலை இறக்கி, தலையைக் கவிழ்த்து, “ஏ மைனஸ் பி ஹோல் ஸ்கொயர்” என்பார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டதற்கு, “ஒரு ஆளு கொறஞ்சிருக்குல்லா” என்றார்.

பத்தாம் வகுப்பில் கணக்கு தவிர எல்லாப் பாடத்திலும் தேறியவர் அவர். கணக்கை மட்டும் விடாமல் தனியாக எழுதிக்கொண்டே இருந்தார். பரீட்சை அன்று வெள்ளைச் சட்டை, நெற்றியில் பட்டை, பையில் மூன்று பேனா. போய்விட்டுத் திரும்பும்போது முகத்தில் அப்படி ஒரு நிறைவு இருக்கும். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வருகிறவர் முகம் மாதிரி.

“எப்படி அண்ணாச்சி இருந்துது?”

“அருமைலே. நாலாவது கேள்வி இருக்கு பாரு, என்ன ஒரு கேள்வி. தொட முடியல.”

தன்னைத் தோற்கடித்த வினாத்தாளை லேமினேஷன் போட்டு ஷெட்டில் மாட்டி வைப்பார். சீரியல் லைட் மாலைகளுக்கு நடுவே அவை வரிசையாகத் தொங்கும். பாடப் புத்தகம் மாறினால் முதலில் வாங்குகிற ஆள் அவர்தான். புரட்டிப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து குறைப்படுவார். “படம் போட்டுருக்கான்லே. பூசணிக்காய் படம். கணக்குக்கு எதுக்குலே பூசணிக்காய்? பிள்ளையளுக்கு இவ்வளவு லேசாக் குடுத்தா, பெயிலானாக்கூட ஒரு மதிப்பு இருக்காதே.”

இப்படிப்பட்டவரை நான் என்ன செய்தேன் என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன். பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரிதான்.

நான் ஆறாவதோடு நின்றவன். என் மகள் பியூலா எட்டாவது படிக்கிறாள். மகன் ஆறாவது. இருவரும் ஊரில் இருக்கும் ஒரே உயர்நிலைப் பள்ளியில். பிள்ளைகளின் நோட்டில் தினமும் பெற்றோர் கையெழுத்து போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, கையைக் கழுவி, பியூலாவின் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொள்வேன். புருவத்தைச் சுருக்குவேன். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்துவேன். கடைசியில் “ம், சரியா இருக்கு” என்று சொல்லிக் கையெழுத்து போடுவேன். ஒரு எழுத்தும் எனக்குப் புரியாது.

அந்த வருஷம் புதிதாகக் கணக்கு டீச்சர் ஒருவர் வந்தார். எட்டாம் வகுப்புக்குப் பாடம் முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் மேல்வகுப்புக் கணக்கு நடத்த ஆரம்பித்தார். எல்லோரும் இருக்க வேண்டும். பியூலாவுக்கு அது பண்டிகை மாதிரி. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

“அப்பா, இந்த எக்ஸ் எப்படிப்பா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போச்சு?”

“டீச்சர் அனுப்பினாப் போகாம என்ன செய்யும்?”

“போகும்போது பிளஸ் எதுக்கு மைனஸா மாறுது?”

“எல்லாத்தையும் எங்கிட்டயே கேளு. வகுப்புல என்னத்தக் கவனிக்க?”

ஒருநாள் அவள் போட்ட கணக்கு தப்பு. நான் வழக்கம்போல விரலை நகர்த்தி, சரியாக இருக்கிறது என்று கையெழுத்து போட்டேன். மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: ‘விடை தவறு. பெற்றோர் பார்த்துக் கையெழுத்திடவும்.’ பியூலா அதை என்னிடம் காட்டவில்லை. நானாகப் புரட்டிப் பார்த்ததுதான். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்தச் சூடு டீச்சர் மேல் திரும்பியது. அப்புறம் மேல்கணக்கு மேல் திரும்பியது. பிள்ளைகளுக்கு இவ்வளவு கஷ்டமான கணக்கு எதற்கு என்று எனக்குத் திடீரென்று ஊர்க் கவலை வந்துவிட்டது.

மேல்கணக்கை நிறுத்தச் சொல்லிப் பள்ளிக்கு மனு ஒன்று எழுத வைத்து, கடையிலேயே கையெழுத்து வாங்கினேன். பஞ்சர் கடை அதற்கு நல்ல இடம். டயர் கழன்று கிடக்கும்போது யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஆனால் ஊரில் உண்மையாகவே இரண்டு கட்சி இருந்தது. பக்கத்துத் தெரு மும்தாஜ் அக்கா, “எம்பிள்ளைக்குக் கணக்கு கிளாஸ் அன்னைக்குக் காலைல இருந்தே வயிறு வலிக்கு. தேவைதானா?” என்று கேட்டார். வாழைக்காய் ஏற்றும் லாரிக்காரர் ஒருவர், “வசதியுள்ளவன் பிள்ளைக்கு டவுன்ல காசு கட்டி இதைத்தான் சொல்லிக்குடுக்கான். நம்ம பிள்ளைக்குச் சும்மா கிடைக்கும்போது வேண்டாங்கியளே” என்று சத்தம் போட்டார். அவருக்குப் பஞ்சர் இல்லை. காற்று மட்டும் அடிக்க வந்தவர்.

எதிர்ப்பக்கத்து ஷெட்டில் இருந்து அண்ணாச்சி வந்து மனுவை வாங்கிப் படித்தார். “கணக்கக் கொறைக்கணும்னு மனுவா?” என்று கேட்டார். ஆற்றை மூடச் சொல்லி மனு கொடுத்த மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு மடித்துத் திருப்பித் தந்துவிட்டுப் பைய நடந்து போனார்.

ஒரு சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கூட்டம் கூடியது. மேல்கணக்கு வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவாக வேண்டும். மைக் செட் அண்ணாச்சியுடையது. அவர் கண்ணை மூடி “ஏ பிளஸ் பி” என்று தொடங்கியதும், ஜன்னலுக்கு வெளியே கூடி நின்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மீதியைக் கோரஸாகச் சொல்லி முடித்தார்கள். பியூலாவும் அதில் நின்றாள். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். ஹெச்.எம். டீச்சர் மேஜையைத் தட்டினார்.

நான் எழுந்து பேசினேன். பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்க வேண்டும், மூளைக்கு ஓய்வு வேண்டும், இன்ஜினியருக்குப் படித்தவனே வேலை கிடைக்காமல் பைக்கில் சாப்பாடு கொண்டு போகிறான், பிறகு எதற்கு இந்த எக்ஸ், ஒய் என்றெல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். கைதட்டினார்கள்.

அப்போது ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி இன்னொரு மைக்கை எடுத்தார்.

“ஒரு வார்த்த சொல்லிக்கிடுதேன்.”

“பெத்தவங்க மட்டுந்தான் பேசணும் அண்ணாச்சி. ஒம்ம பிள்ளையள்லாம் படிச்சு முடிச்சாச்சுல்லா” என்றார் ஒருவர்.

“மைக்கு என்னுதுல்லா வே” என்றார் அண்ணாச்சி. தடுத்தவர் உட்கார்ந்துவிட்டார். “நான் கணக்குல தோத்தவன். எல்லாருக்கும் தெரியும். ஆனா எதுகிட்டத் தோத்தேன்னு எனக்குத் தெரியும். அது எவ்வளவு பெருசு, எவ்வளவு அழகுன்னு நான் பாத்துருக்கேன். பிள்ளையள் தோக்கட்டும், செயிக்கட்டும், அது அதுங்க பாடு. கண்ணுல காட்டாமலே வச்சுராதீய. அவ்வளவுதான்.”

இரண்டு மூன்று தலைகள் ஆடின. மனு என் கையை விட்டு நழுவுவது போல இருந்தது. நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: “ஏழு தடவ பெயிலான ஆளு கணக்கப் பத்திப் புத்தி சொல்லுதாரு. கேட்டுக்கிடுங்க.”

கூடம் சிரித்தது. நான் சொன்னதற்கு அத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்திருந்தது, பிள்ளைகளே. மறைக்காமல் சொல்கிறேன். அண்ணாச்சி மைக்கைக் கீழே வைத்தார். ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

சிரிப்பு தந்த தைரியத்தில் நான் கையில் வைத்திருந்த நோட்டைத் தூக்கிக் காட்டினேன். காலையில் பிள்ளைகளின் அலமாரியில் இருந்து எடுத்து வந்தது.

“எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் போடுத கணக்கப் பாருங்க. மூணு, அதுக்கு அடில நாலு. பக்கத்துல ஒரு கோடு, கோட்டுக்கு மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி. அப்புறம் ஒண்ணு, அதுக்கு அடில எட்டு. அடுத்த வரில பாத்தா எட்டு மேல ஏறிட்டு, ஒண்ணு கீழ வந்துட்டு. இது கணக்கா, சர்க்கஸா? இத எதுக்கு ஒரு பிள்ள...”

அவ்வளவுதான். ஸ்பீக்கர் செத்துவிட்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ஆம்ப்ளிபயர் சூடாயிட்டு” என்று அண்ணாச்சி எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார். “பத்து நிமிஷம் பொறுங்க. டீச்சர், பிள்ளையளுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லுங்க.” சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரோடு மேஜைக்கு அடியில் நுழைந்தார். என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “லே, இங்கன குனி. இந்த வயரப் பிடி.”

குனிந்தேன். மேஜைக்கு அடியில் அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

“அது ஆறாங் கிளாஸ் நோட்டுலே” என்றார் மெதுவாக. “வகுத்தல். ஒம்மவன் நோட்டு. அட்டைல அவன் பேரு இருக்கு பாரு. டீச்சர் கிட்ட வந்து பாக்கதுக்குள்ள மடக்கி இடுப்புல சொருவு.”

பார்த்தேன். மகன் பேர்தான். இரண்டு பேர் நோட்டுக்கும் ஒரே காலண்டர் தாளைக் கிழித்து அட்டை போட்டவன் நான். அவசரத்தில் மாற்றி எடுத்திருக்கிறேன். மாற்றி எடுத்தது பெரிய குற்றம் இல்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் தேறியதாகச் சொல்லிக்கொள்கிற ஆறாம் வகுப்புக் கணக்கு அது.

நோட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு தலையைத் தூக்கினேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. அண்ணாச்சி நான்கு ஸ்குரூவைக் கழற்றி வரிசையாகத் தரையில் வைத்தார். பிறகு அதே நான்கையும் திருப்பி மாட்டினார். பத்து நிமிஷமும் அதைத்தான் செய்தார்.

அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு மனுஷனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. ஸ்பீக்கர் உயிர் பெற்றதும் எழுந்து, நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், ஓய்வு, விளையாட்டு என்று மறுபடியும் ஆரம்பித்தேன். கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கூடுதல். மேல்கணக்கு நின்றது. பலர் வந்து என் கையைக் குலுக்கினார்கள். அண்ணாச்சி வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் பியூலா எப்போதும்போல எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிறகு சொன்னாள்: “அப்பா, நீங்க காட்டினது தம்பி நோட்டு. ஜன்னல்ல இருந்து பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. என் மானத்தை ஒரே நாளில் இரண்டு பேர் மூடிக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒருவரை நான் ஊர் முன்னால் கேலி செய்தேன். இன்னொருத்தியின் கணக்கை நிறுத்தினேன்.

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் நேரே பள்ளிக்குப் போனேன். ஹெச்.எம். டீச்சரிடம் நோட்டை வைத்து நடந்ததைச் சொன்னேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கூட்டத்துல முடிவானதக் கூட்டத்துலதான் மாத்த முடியும். நீங்க அங்க வந்து சொல்லணும்” என்றார்.

சொன்னேன். அடுத்த கூட்டத்தில், அதே மைக்கில். நான் காட்டியது ஆறாம் வகுப்பு நோட்டு, எனக்கு மகளுடைய கணக்கு புரியவில்லை, அது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தேன் என்று சொன்னேன். மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்குப் பிடிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, விருப்பம் உள்ள பிள்ளைகள் இருக்கலாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று முடிவானது. மும்தாஜ் அக்காவும் அதற்குக் கை தூக்கினார். பியூலா மறுநாளே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் நோட்டை நான் பார்க்கும்போது “இது சரிதானாம்மா?” என்று அவளிடமே கேட்டுவிட்டுக் கையெழுத்து போடுகிறேன்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அண்ணாச்சியை நான் பேசிய பேச்சு. யாரும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். எதிரெதிரே கடை. தினமும் காலையில் முகத்தில் விழிக்கிறோம். “என்னலே, யாவாரம் எப்படி?” என்பார். “பரவால்ல அண்ணாச்சி” என்பேன். அதோடு குனிந்து டியூபைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவேன். இப்படியே மாதங்கள் போயின.

அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம். சர்ச் வாசல் வேப்ப மரத்தில் அண்ணாச்சி ஏணி போட்டு ஏறி ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே போய் நின்றேன்.

“அண்ணாச்சி.”

“என்னலே.”

“அன்னைக்குக் கூட்டத்துல நான் ஒண்ணு சொல்லிட்டேன்.”

“நீ நெறையச் சொன்ன. எதச் சொல்லுத?”

“ஏழு தடவன்னு...”

வாயில் கடித்திருந்த கயிற்றை எடுத்தார். முடிச்சை இழுத்து இறுக்கினார். கீழே பார்க்கவில்லை.

“அது தப்புலே.”

“தப்புதான் அண்ணாச்சி. அதச் சொல்லத்தான் வந்தேன். மன்னிச்சிருங்க.”

“அட, அது இல்ல. ஏழு இல்லலே, ஒம்போது. மைக்குல பேசுத ஆளு எண்ணிக்கையச் சரியாச் சொல்ல வேண்டாமா?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மேலே இலைகளுக்கு நடுவே அவருடைய பழைய செருப்பின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏணி ஆடுது பாரு” என்றார்.

“பிடிச்சிருக்கேன் அண்ணாச்சி. நீங்க பைய கட்டுங்க.”

அவர் இறங்கி வர வெகுநேரம் ஆனது. என் கை இரண்டும் மரத்துப் போய்விட்டன. மாற்றிப் பிடிக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.